வேலு அண்ணனின் இடது கால்

1. திரும்பி வந்த வண்டி

அந்த டீசல் பிக்கப் இரண்டாம் முறையாக என் ஷெட்டுக்குள் நுழைந்தபோது அதன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. புனே பக்கம் கசார்வாடியில், பழைய மும்பை ஹைவே ஓரத்தில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிற மெக்கானிக் நான்; இங்கே மிஸ்திரி என்பார்கள். வேலை முடித்து அனுப்பிய வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால், அன்று டீயில் சர்க்கரை போட்டாலும் இனிக்காது.

வண்டியின் சொந்தக்காரி நந்தினி இறங்கினார். கோயம்புத்தூர்க்காரர். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுப் பக்கத்துத் தளேகாவில் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் ரோஜா வளர்க்கிறார். ஒரு காலத்தில் மலை சுற்ற வாங்கிய வண்டி, இப்போது பூ சுமக்கிறது. கையிலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கழுத்து ஒடிந்த மொட்டுகள்.

"பாருங்கண்ணா. கடைக்குப் போன பெட்டி அப்படியே திரும்பி வந்துருச்சுங்க. கியர் மாறும்போதெல்லாம் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, அப்புறம் பின்னாடியிருந்து உதைக்கிற மாதிரி மாறுது. இந்தத் தடவையும் சரியாகலீன்னா வித்துப்போட்டு, சின்னதா ஒரு மேனுவல் வண்டி வாங்கிக்கிறேனுங்க."

இதை டிரைவர் வேலு அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வேலூர்ப் பக்கம் பிறந்து, ராணுவ டிரக் ஓட்டி, பென்ஷனோடு புனேயிலேயே தங்கிவிட்டவர். இடது முழங்காலில் ஸ்டீல் பிளேட். நடக்கலாம், ஏறி இறங்கலாம், ஆனால் நாள் முழுக்க கிளட்ச் மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் போனால் அவர் வேலையும் போகும். எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

அண்ணனே சிரித்துக்கொண்டு சொன்னார்: "விக்கிறதுன்னா என்னையும் சேத்து வித்துடுங்க மேடம். உள்ள பிளேட்டு கீது, இரும்பு விலைக்காவது போவேன்."

"சும்மா இருங்கண்ணா" என்று நந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2. ஆயில் சொன்னதும் சொல்லாததும்

முதல் முறை வந்தபோது கோளாறு சுலபமாகத்தான் பிடிபட்டது. வேறெங்கோ ஆயில் லெவலை இன்ஜினை அணைத்து, குளிர்ந்த நிலையில் பார்த்திருந்தார்கள். இந்த கியர்பாக்ஸுக்கு ஆயில் சூடாகி, இன்ஜின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். உள்ளே ஆயில் குறைவு; இருந்ததும் கருகிய வாசனையோடு கஷாயம் போல் வழிந்தது. ஃபில்டரோடு மாற்றினேன், கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றினேன்.

ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு மூளை உண்டு. ஓட்டுகிறவரின் காலைப் பார்த்துப் பார்த்து, எப்போது கியர் மாற்றுவது என்று கற்றுக்கொள்ளும். பழைய பாடத்தை, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஸ்கேனரால் அழித்தேன். நிகடி வரை ஓட்டிப் பார்த்தபோது, மழை விட்ட ரோட்டில் கியர்கள் ஒன்றுக்குள் ஒன்று நழுவின, மாறியதே தெரியாமல்.

இப்போது மறுபடி வண்டி முரண்டு பிடிக்கிறது. ஆயில் சுத்தம், லெவல் சரி, ஸ்கேனரில் கோளாறு காட்டும் ஃபால்ட் கோட் ஒன்றுகூட இல்லை. பாடத்தை மறுபடி அழித்து நான் ஓட்டினால் பூப்போலப் போகிறது.

"உன்னைக் கண்டா நல்ல புள்ளையா கீது மிஸ்திரி," என்றார் வேலு அண்ணன். "என்னைக் கண்டாத்தான் மூஞ்சத் தூக்கி வெச்சிக்குது."

கோபமாகச் சொன்னாரோ, கேலியாகச் சொன்னாரோ. எனக்கு அங்கேதான் கதவு திறந்தது.

3. பக்கத்து சீட்

"அண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து வரேன்."

பின் சீட்டில் நந்தினி, மடியில் புதிய பூப்பெட்டி. தளேகாவ் பக்கம் கிளம்பினோம். மடியிலிருந்த ஸ்கேனரில், மேல் கியர் விழப்போகும் நொடியில் எல்லாம் ஆக்ஸிலரேட்டர் அளவு சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. திரையை விட்டுக் கண்ணைக் கீழே இறக்கினேன்.

இடது கால் மிதித்துக்கொண்டிருந்தது. இல்லாத கிளட்சை! முழங்கால் அசையவில்லை, கணுக்கால் மட்டும் அழுந்த, விரல்கள் தரைவிரிப்பைப் பிடித்தன. அது அழுந்தும்போது, தராசுத் தட்டு போல, வலது கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்தது.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சடாரென்று எடுத்தால் 'பிரேக் போடப் போகிறார்' என்று நினைத்து, கியர்பாக்ஸ் மேல் கியரைப் போடாமல் பிடித்து வைக்கும். மறுபடி மிதித்ததும் குழம்பி, தாமதமாக, டம்மென்று போடும். ஒவ்வொரு கியருக்கும் இதே கூத்து. அதையே பாடமாகவும் படித்துவிட்டது.

"அண்ணே, யாருக்கு கிளட்ச் மிதிக்கிறீங்க?"

"நானா? இதுல ஏதுபா கிளட்சு?"

நந்தினி எட்டிப் பார்த்தார். "ஐயோ, ஆமாங்கண்ணா! மிதிக்கிறீங்க!" சிரிப்பில் பெட்டி மடியிலிருந்து சரிந்தது.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டித் தன் காலையே முறைத்தார். "காஷ்மீர் மலையெல்லாம் மிதிச்ச காலு. இப்ப சும்மா கெடடான்னா கேக்குமா?"

கேட்கவில்லை. மனசில் வைத்து ஓட்டினார். இரண்டாம் கியரிலேயே இடது கால் மறுபடி அழுந்தியது. காலைப் பின்னுக்கு இழுத்து சீட்டடியில் மடக்கிப் பார்த்தார், பிளேட் வலித்தது. நெற்றி வேர்த்துவிட்டது. "வித்துடுங்க மேடம்," என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

4. இன்சுலேஷன் டேப்

அந்தக் காலுக்கு உத்தரவு போட்டுப் பயனில்லை, அதற்கு ஒரு காவல் வேலை கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. நந்தினியின் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு மொட்டைக் கேட்டு வாங்கினேன். பெடலுக்கு எட்டாத தூரத்தில், இடது கால் அழுந்துகிற இடத்தில், காம்பை இன்சுலேஷன் டேப் போட்டுத் தரைவிரிப்போடு ஒட்டினேன்.

"இப்ப மிதிங்க பாக்கலாம்."

"அட பாவி! பூவைப் போயி எப்படிய்யா மிதிப்பேன்?"

கால் மொட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. இடது அழுந்தாததால் வலதும் எழவில்லை. ஆக்ஸிலரேட்டர் லேசாக, சீராக நின்றது. இரண்டு, மூன்று, நான்கு... ஸ்கேனரில் எண்கள்தான் மாறின, வண்டியில் ஒன்றும் தெரியவில்லை. பாடத்தை அழித்து, மறுபடி அண்ணனின் காலாலேயே படிக்க வைத்தோம்.

தளேகாவில் பாலிஹவுஸ் வாசலில் நிறுத்தியதும் நந்தினி பெட்டியைத் திறக்கவில்லை. நேராக டிரைவர் கதவைத் திறந்து குனிந்தார். கால்மாட்டில் மொட்டு முழுசாக இருந்தது.

"நாளைக்குக் காலையில நாலு மணிக்கு லோடுங்கண்ணா. நேரத்துல வந்துருங்க."

"வந்தாச்சு மேடம்!" கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் வைத்தார்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடமிருப்பது இவ்வளவுதான்: ஆயிலைப் பார், லெவலைப் பார், ஸ்கேனரைப் பார். எல்லாம் சரியாக இருந்தால், கியர்பாக்ஸைக் கழற்றும் முன் ஓட்டுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தூரம் போய் வா.

போன வாரம் நந்தினி போன் செய்தார். வண்டி அருமையாகப் போகிறதாம், அண்ணனின் கால் எப்போதோ அடங்கிவிட்டதாம். "ஆனா தினம் ஒரு பெட்டியில ஒரு பூ குறையுதுங்கண்ணா. கால்மாட்டுல ஒட்டி வெச்சிருக்கார். கேட்டா, மிஸ்திரி சொல்லாம நிறுத்த மாட்டேன்னு சொல்றாருங்க."

நான் சொல்லப்போவதில்லை.