சண்முகத்தாய் மடித்த காகிதங்கள்

சண்முகத்தாய்க்கு வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையைத் தொடாது. இடது கையில் கட்டை விரலுக்குப் பக்கத்தில் தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது. விளக்குமாறு பிடித்தால் நழுவிவிடும். தண்ணீர்க் குடத்தை யாராவது தூக்கி இடுப்பில் வைத்தால் அணைத்துக்கொண்டு நடப்பாள். பட்டாசுக் கம்பெனி வேன் இப்போதும் காலையில் ஆனைக்குட்டத்துக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அவள் வாசலுக்கு வருவதில்லை.

அவளுடைய அம்மா சாகும்போது அவளுக்குப் பதினாறு வயது, தங்கை பாண்டிமீனாவுக்கு எட்டு. தலை சீவிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, வயசுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றியது, காரியாபட்டியில் மணிகண்டராஜுக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் இவள்தான். இவளுக்கும் கண்ணுச்சாமிக்கும் பிள்ளை இல்லை. தங்கைக்கு எழில் பிறந்தபோது மூன்று மாதம் போய் இருந்து பார்த்துவிட்டு வந்தாள்.

தங்கையைப் பட்டாசு வேலைக்கு அழைத்ததும் அவள்தான். "சீசனுக்கு மட்டும் வா. புள்ளைய ஒன் மாமியார்ட்ட விட்டுட்டு எங்கூட இரு. தீபாவளி முடிஞ்சதும் போயிரலாம்" என்றாள். ஆடி மாதம் பாண்டிமீனா ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள். அக்காவும் தங்கையும் ஒரே வேனில் போய், அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து திணித்தார்கள்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். என்ன நடந்தது என்று அவளுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. முதலில் வெளிச்சம் வந்தது, பிறகுதான் சத்தம். வெளியே ஓடி வந்தவள் தங்கை இருந்த அறையின் கதவு எரிவதைப் பார்த்தாள். மீனா, மீனா என்று கத்திக்கொண்டே அந்தக் கதவை இரண்டு கையாலும் தள்ளினாள். அவள் கை போனது அங்கேதான்.

தீக்காயப் பிரிவில் கண் விழித்ததும் தங்கையைத்தான் கேட்டாள்.

"அவள மதுரைக்குக் கொண்டு போயிருக்காங்கம்மா. அங்க வசதி ஜாஸ்தி" என்றார் ஞானதீபம் சிஸ்டர். ஐம்பது வயதைத் தாண்டிய நர்ஸ். குரல் தாழ்ந்திருக்கும், கை மட்டும் வேகமாக வேலை செய்யும்.

அதற்குப் பிறகு தினமும் கட்டு மாற்றும் நேரத்தில் சண்முகத்தாய் கேட்பாள். பழைய கட்டைப் பிரிக்கும்போது உயிர் போகிற வலி. அந்த நேரத்தில்தான் சிஸ்டர் சொல்வார்: "நேத்து கஞ்சி குடிச்சாளாம். கண்ணத் தொறந்து பேசுறாளாம்." சண்முகத்தாய் அதைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடப்பாள். கண்ணுச்சாமி வந்தால் அவனிடமும் கேட்பாள். "சிஸ்டர் சொன்னாகள்ல, அதான்" என்று அவன் ஜன்னலைப் பார்ப்பான்.

பத்தொன்பதாம் நாள் டாக்டர், இனி ஆபத்தில்லை என்றார். அன்று சாயங்காலம் ஞானதீபம் சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சண்முகத்தாய், பாண்டிமீனா மதுரைக்குப் போகல. மூணாம் நாளே இங்கதான் இறந்துட்டா. ஒன் வீட்டுக்காரர் மேல கோவப்படாத. நான்தான் சொல்ல வேண்டாம்னு தடுத்தேன்."

சண்முகத்தாய் அழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தங்கை கஞ்சி குடித்தாள் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட நாளிலெல்லாம் அவள் சாம்பலாகிக் கிடந்திருக்கிறாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வாய்க்கரிசி போடவில்லை. அன்றிலிருந்து அவள் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டு மாற்ற வந்தால் கையை நீட்டுவாள், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்தது. காயம் ஆறி வருகிறவர்கள் உட்காரும் கூடத்துக்கு ஞானதீபம் சிஸ்டர் ஒரு பெரிய காகிதக் கட்டைக் கொண்டுவந்தார். சிவகாசி அச்சகத்தில் நிறம் பிசகிப்போன காலண்டர் தாள்கள். சாமி படத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பூவும் மலையும் அச்சடித்திருந்ததை மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குக் கூடத்தை ஜோடிக்க வேண்டும், எல்லாரும் மடியுங்கள் என்றார். விரல் மடங்குவதற்கு அதுதான் வழி என்பது எல்லாருக்கும் தெரியும்.

சண்முகத்தாய் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் சிஸ்டர் அவள் முன்னால் ஒரு தாளை வைத்துவிட்டு, "எம்மேல உள்ள கோவத்த வெரல் மேல காட்டாத. அது மடங்கலேன்னா நாளைக்கு ஒரு வாய்ச் சோத்துக்கு இன்னொருத்தர் கைய எதிர்பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆத்திரத்தோடுதான் மடித்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு நாள் ஆனது. அதையும் மற்றவர்கள் செய்ததோடு சேர்த்து நூலில் கோத்து ஜன்னலில் கட்டினார்கள். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிஸ்டர் வாசல்வரை வந்தார். சண்முகத்தாய் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆயிற்று. போன மார்கழியில், அரைப்பரீட்சை லீவுக்கு எழிலை மணிகண்டராஜ் கொண்டுவந்து விட்டான். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பாண்டிமீனாவின் நெற்றி அப்படியே இருக்கிறது.

"மதினி, அவ அம்மாவக் கேட்டா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிருக்கான்னே சொல்லுங்க. எங்கம்மா அப்படித்தான் சொல்லி வச்சிருக்காக" என்றான் அவன். சண்முகத்தாய் தலையை ஆட்டினாள்.

பிள்ளையை எப்படிக் குஷிப்படுத்துவது என்று தெரியவில்லை. பழைய காலண்டரைக் கிழித்து, மைதாவில் பசை காய்ச்சி, ஈர்க்குச்சியை நூலால் கட்டி நட்சத்திரம் செய்து காட்டினாள். எழிலுக்குப் பிடித்துப் போயிற்று. இரண்டு பேரும் காகித வளையங்களைச் சங்கிலியாகக் கோத்தார்கள். கண்ணுச்சாமி ஏணி போட்டு வாசல் பக்கம் ஓட்டுக் கூரைக் கட்டையில் கட்டிவிட்டான். வீடு ஏதோ விசேஷ வீடு மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் பசை தடவிக்கொண்டிருக்கும்போது எழில் கேட்டாள். "பெரியம்மா, அம்மா பொங்கலுக்கு வருமா?"

"வருவாத்தா. இப்ப அங்க ஆர்டர் ஜாஸ்தி. லீவு தரலையாம்."

"போன்ல பேசுச்சா?"

"நேத்துப் பேசுனா. நல்லாத்தேன் இருக்காளாம். ஒனக்குப் பாவாடை சட்டை எடுத்து வச்சிருக்காளாம்."

பாவாடை சட்டை என்று சொன்னது அவளே நினைக்காதது. பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகு அவள் கை நின்றது. கட்டு பிரிக்கிற வலியில் தான் நிமிர்ந்து பார்த்தபோது அந்த நர்ஸ் எந்த முகத்தைப் பார்த்திருப்பார் என்று இப்போதுதான் புரிந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் போய் வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றாள்.

மறுநாள் பிள்ளையைக் கண்ணுச்சாமியிடம் விட்டுவிட்டு ஒரு நட்சத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் அய்யம்மாள், சிஸ்டர் கோடையிலேயே ரிட்டையர் ஆகிவிட்டதைச் சொல்லி, விருதுநகரில் வீட்டுக்கு வழியும் சொன்னாள்.

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கியது. ஞானதீபம் சிஸ்டர் வீட்டு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. கதவைத் திறந்தவர் இளைத்திருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்து யோசித்தார். பிறகு கையைப் பார்த்ததும், "சண்முகத்தாய்" என்றார்.

உள்ளே சுவரில் ஓர் ஆணின் படம், மாலையோடு. "சார் ஆகஸ்ட்ல இறந்துட்டாங்க. அதான் இந்த வருசம் ஸ்டார் போடல" என்றார் சிஸ்டர். அவருடைய கணவர் ராஜசிங் பள்ளி வாத்தியாராக இருந்தவர்.

சண்முகத்தாய் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். சிஸ்டர் பார்த்துவிட்டார். "என்ன அது, எடு" என்று வாங்கி, நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் வலது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார்.

"இந்த ரெண்டும் இன்னும் வரணும். விடாம செய்யி."

"சிஸ்டர், நான் ஒங்கட்ட ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டேன்."

"அதுக்கென்ன."

"நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பொழச்சிருக்க மாட்டேன். அது இப்பத்தேன் தெரியுது. அதச் சொல்லிட்டுப் போகத்தேன் வந்தேன்."

வெளியே யாரோ கேரல் பாடலை ஒலிபெருக்கியில் போட்டு நிறுத்தினார்கள்.

"எனக்கு நன்றி சொல்லாத, சண்முகத்தாய். உனக்கு முன்னால ஒரு அம்மாகிட்ட இதே மாதிரி உண்மையச் சொன்னேன். அவங்க அடுத்த நாள் கஞ்சியத் தள்ளி விட்டுட்டாங்க. நாலே நாள்ல போயிட்டாங்க. அந்தப் பயத்துலதான் உங்கிட்ட பொய் சொன்னேன். இன்னொண்ணும் இருக்கு. மீனாவுக்கு ரெண்டாம் நாள் நல்லா நினைவு இருந்துச்சு. அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டா. ஒண்ணும் ஆகல, வீட்டுல சோறு பொங்கிட்டு இருக்கான்னு சொன்னேன். சரின்னா. அப்புறம் பேசல."

சண்முகத்தாய் அப்போதுதான் அழுதாள். இரண்டு வருடமாக வராதது வந்தது. சிஸ்டர் தடுக்கவில்லை. எழுந்து போய் காபி போட்டுக் கொண்டுவந்தார். புறப்படும்போது அவள் எழிலைப் பற்றியும் தான் சொன்ன பொய்யைப் பற்றியும் சொன்னாள்.

"நாம பெரியவங்க. ஒன் காயம் ஆறுனதும் சொல்லணும்னு ஒரு நாளக் குறிச்சு வச்சிருந்தேன்" என்றார் சிஸ்டர். "அந்தப் பிள்ளைக்கு எந்த நாளக் குறிச்சிருக்கீங்க?"

நட்சத்திரத்தைச் சிஸ்டர் வாசலில் கட்டவில்லை. உள்ளறையில் பைபிள் வைக்கும் அலமாரி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் மதியம் சண்முகத்தாய் எழிலை மடியில் இருத்திக்கொண்டு சொன்னாள். "ஒங்கம்மா திருப்பூர்ல இல்லத்தா. எங்கூட வேலைக்கு வந்த எடத்துல தீப்பிடிச்சுச் செத்துப்போனா. நேத்துப் பேசுனான்னு சொன்னது பொய்யி."

பிள்ளை அழவில்லை. "பாவாடை சட்டை?" என்றது.

"அதுவும் பொய்தேன்."

எழில் மடியிலிருந்து இறங்கிப் போனாள். சாயங்காலம் வரைக்கும் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் பெரியப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். அடுத்த நாள் காலையில், "அப்பாவ வரச் சொல்லுங்க" என்றாள்.

மணிகண்டராஜ் வந்தான். விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்தது. "யாரக் கேட்டுச் சொன்னீக மதினி? நான் என்ன, சொல்லத் தெரியாமலா இருக்கேன்?"

"தெரியாமத்தேன் இருந்தீக, தம்பி. நானும் அப்படித்தேன் இருந்தேன்."

அவன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பொங்கலுக்கு அனுப்பவில்லை. கண்ணுச்சாமி இரண்டு தடவை காரியாபட்டிக்குப் போய்விட்டு, வாசலில் நின்று பேசித் திரும்பினான். கட்டியிருந்த சங்கிலிகள் பனியில் நைந்து ஒவ்வொன்றாக விழுந்தன. அவள் கையால் பொறுக்கி எடுத்தாள்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிகண்டராஜ் போனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் எழில்.

"அம்மா பள்ளிக்கூடத்துல நல்லாப் படிக்குமா?"

சண்முகத்தாய் கீழே உட்கார்ந்துகொண்டாள். "கணக்கு வராது. தமிழ் நல்லா வாசிப்பா."

சரி என்று எழில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அழைப்பு வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். அம்மாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும், அம்மாவுக்கு நீச்சல் தெரியுமா, அம்மா யாரோடு சண்டை போடும். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறாள். போன வாரம், "அம்மாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"வலிச்சிருக்கும்த்தா" என்றாள் சண்முகத்தாய்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. ஆனால் எழில் போனை வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை.