துக்க வீட்டுக்குப் போன கேள்வித்தாள்

எண்பது கூடாரங்கள். மூவாயிரம் சிவப்பு நாற்காலிகள். நான்கு லோரிகள். கிள்ளானில் சொந்தக் கிடங்கு. தண்ணீர் தேங்கி வாத்து நீந்திக்கொண்டிருந்த நிலத்தில் மண் கொட்டிக் கட்டியது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட நான், பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்து இத்தனையையும் உண்டாக்கினேன். "கூடாரம் வாடகைக்கு விட்டு எவன் பிழைச்சான்?" என்று சிரித்த சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கும் என் கூடாரம்தான் நின்றது. அவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வணிகம் படிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் பெற்றோர் எப்படித் துணை நிற்பது என்பது பேச்சு. கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். அவருக்குப் பிள்ளைகள் இல்லையாம். கேட்டவர்கள் உட்கார்ந்திருந்தது என் நாற்காலிகளில். ஆனாலும் என்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகள் செராஸில் ஒரு தனியார் கல்லூரியில் வணிக நிர்வாகம் படித்தாள். கடைசி ஆண்டில் ஏதாவதொரு சிறு நிறுவனத்தை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். ஊரில் இத்தனை நிறுவனங்கள் இருக்க, நம்முடையதையே எடுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாடிக்கையாளர்கள் அறுபது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட்டு வாங்க வேண்டும். அறிக்கை உரிய நாளில் போய்ச் சேர்ந்தால் கோலாலம்பூரில் நல்ல நிறுவனம் ஒன்றில் பயிற்சி வேலை காத்திருந்தது. தவறினால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. இவள் இன்னும் அரையாண்டு கல்லூரியிலேயே கிடக்க வேண்டும்.

"அப்பா, லோரி போற வீட்டுல கேள்விப் பாரத்தக் கொடுத்து வாங்கிட்டு வந்தா போதும். நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்றாள்.

பேசாமல் எப்படி உதவுவது? நானே நேரில் போனேன். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அண்ணே, நாலாவது கேள்விக்கு மூணு போடலாம்னு பார்க்கிறேன். அன்னிக்குக் கூடாரம் ஒரு மணி நேரம் லேட்டா வந்துச்சு."

"நம்ம பிள்ளை படிப்பு லா, தம்பி. நீங்க மூணு போட்டா அது எப்படிப் பாஸ் பண்ணும்?"

அவர் நல்ல மனிதர். ஐந்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்து கொடுத்தார். இப்படியே ஒரு வாரத்தில் ஐம்பத்தொன்பது தாள் சேர்ந்தது. எல்லாவற்றிலும் ஐந்து. படிக்காத தகப்பன் பிள்ளைக்கு இதற்குமேல் மதிப்பெண் வாங்கித் தர முடியுமா?

ஒரு தாள்தான் குறைந்தது. அங்கேதான் வினை.

துக்க வீட்டுக்குக் கூடாரம் போடுவதில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவன் நான். இரும்புக் குழாய் தரையில் மோதிச் சத்தம் வரக்கூடாது. வீட்டாரிடம் நன்றி சொல்லக்கூடாது. புறப்படும்போது "வரோம்" என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. வேலை முடிந்ததும் ஒரு வார்த்தையில்லாமல் லோரியில் ஏறிவிட வேண்டும். பழக்க தோஷத்தில் "மறுபடி வரோம்மா" என்று சொல்லிவிட்ட ஆள் ஒருவனை அன்றே வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான், கிள்ளானில் ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூடாரம் பிரிக்கும்போது, கணவரை இழந்த அம்மாவிடம் தாளை நீட்டினேன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை அவர். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக வட்டமிட்டு வந்தவர், ஒன்பதாவதில் நின்று உரக்கப் படித்தார்.

"எங்கள் சேவையை விரைவில் மீண்டும் பயன்படுத்துவீர்களா?"

தாளைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "இந்த வீட்டுல இனிமே நான் ஒருத்திதாண்ணே இருக்கேன். எப்ப வரச் சொல்லட்டும்?"

பக்கத்திலிருந்த அவருடைய கொழுந்தனார் எட்டிப் பார்த்துப் பத்தாவதைப் படித்தார். "உறவினர்களுக்குப் பரிந்துரைப்பீர்களான்னு வேற கேட்டிருக்கு, அண்ணி. நம்ம சித்தப்பாவுக்கு எண்பத்தஞ்சு ஆச்சு. அவரைப் பரிந்துரைப்போமா?"

என் ஆட்கள் நால்வரும் ஒரே நேரத்தில் லோரியின் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கல்லூரி முத்திரை போட்ட தாள் அது. அச்சில் வந்ததைச் சந்தேகப்படும் அளவுக்கு நான் படித்தவனில்லை. இந்த நியாயத்தை அன்று யாரும் ஏற்கவில்லை.

மறுநாள் மகள் எல்லாத் தாள்களையும் விரிவுரையாளரிடம் கொண்டுபோனாள். அவர் நட்சத்திரத்தைத்தான் முதலில் பார்த்தாராம். "இது கருத்துக்கணிப்பு இல்லம்மா, கல்யாண மொய்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கையில் இருந்தது பத்தே நாள். அந்த எண்கள் வியாபாரத்துக்குப் போட்டவை, தன் படிப்புக்கு இல்லை என்பதை அன்றுதான் மகள் எனக்கு விளக்கினாள். அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"அப்பா, எனக்கு ஒரு உதவி செய்வீங்களா?"

"சொல்லும்மா. லோரி வேணுமா?"

"பத்து நாளைக்குப் பந்திங்ல அத்தை வீட்டுல இருங்க."

போனேன். நாற்பது ஆண்டுகளில் நான் தொழிலை விட்டு விலகியிருந்தது அந்தப் பத்து நாள்தான். தங்கையின் கோழிக்கூண்டைப் பிரித்து, வாசல் திசையை மாற்றிக் கட்டினேன். கோழிகள் உள்ளே போக மறுத்தன. கிடங்குக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் என் மனைவி எடுத்து, "பாஸ் ஊர்ல இல்ல" என்று எனக்கே சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மகள் முதலில் போனது அந்த ஆசிரியை வீட்டுக்கு. தாள் எதுவும் இல்லாமல், மன்னிப்புக் கேட்க. அந்த அம்மா தேநீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்.

"உங்க ஆளுங்க வந்ததும் தெரியல, போட்டதும் தெரியலம்மா. அழுதுட்டு நிமிர்ந்து பார்த்தா கூடாரம் நிக்குது. அன்னிக்கு எனக்குன்னு யாரோ யோசிச்ச மாதிரி இருந்துச்சு. வெளியூர்ல வேலை பார்க்கிற மக கல்யாணத்துக்கும் உங்களைத்தான் கூப்பிடுவேன். உங்கப்பா மட்டும் பேப்பரோட வரக்கூடாது."

அங்கேதான் மகளுக்குப் பொறி தட்டியது. வீடு வீடாகப் போய், எங்களை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். கல்யாண வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு துக்க வீட்டில் பார்த்தவர்கள். சத்தமில்லாமல் வந்து போன ஆட்களை நினைவில் வைத்திருந்து, நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டவர்கள். இத்தனை காலம் எங்களுக்குக் கல்யாணங்கள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அறிக்கை கடைசி நாள் காலையில் போய்ச் சேர்ந்தது. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். பயிற்சிக்குப் போன நிறுவனத்திலேயே இன்று வேலையும் பார்க்கிறாள்.

அந்த அறிக்கையை ஒரு வார்த்தை விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் வைத்து, ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறாள். குறைகள் என்ற அத்தியாயத்தில் 'உரிமையாளரின் தலையீடு' என்று ஒரு கட்டம். வரைபடத்தில் அதற்குத்தான் உயரமான கோடு. அதில் எனக்கு வருத்தமில்லை. எதிலும் உயரமாக இருந்து பழகியவன்.

வருத்தம் நன்றிப் பக்கத்தில். விரிவுரையாளருக்கு நன்றி. தோழிகளுக்கு நன்றி. சாப்பாடு கட்டிக் கொடுத்த அம்மாவுக்கு, ஆசிரியை அம்மாவுக்கு, 'பொறுமை காத்த பந்திங் அத்தைக்கு' நன்றி. நான் எங்கே? 'தகவல் தந்த நிறுவன உரிமையாளர்' என்று கடைசி வரியில், அதுவும் சிறிய எழுத்தில்.

கேட்கிறேன். அந்தச் சட்டத்தைப் போட்டவன் யார்? நான் அந்தத் தாளை நீட்டாமல் இருந்திருந்தால் அவள் ஆசிரியை வீட்டுப் படியேறியிருப்பாளா? பத்து நாள் கோழிகளோடு இருந்தது யார்?

அறிக்கையின் ஒரு பிரதி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதில் சேர்க்க வேண்டிய வரியை நானே தயார் செய்துவிட்டேன்: 'என் தந்தை சட்டத்தைப் போட்டார், அதை மீறினார், பிறகு ஊரை விட்டுப் போனார். மூன்றுமே உதவின.' காட்டினால் மகள் சிரித்துக்கொண்டே, "பார்க்கலாம்பா" என்கிறாள்.

பார்ப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. போட வேண்டும். முதல் வரியில், பெரிய எழுத்தில்.