‘இல்லை’ கட்டத்தில் நான் போட்ட புள்ளடி

1995 ஐப்பசியில், என் மகளின் உயிரை, ஒரு படிவத்தில் போட்ட புள்ளடியால் பணயம் வைத்தேன். அடியார்களே, கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் நின்று உங்களையெல்லாம் பகிடி பண்ணுகிறவன்தான் இதை எழுதுகிறேன். இந்தமுறை பகிடி என்மீதுதான். தாராளமாகச் சிரியுங்கள். பிள்ளையார் அன்று எங்கள் பக்கம் நின்றதையும் சேர்த்து வாசியுங்கள்.

மூத்தவள் சுபா பட்டப்படிப்பை முடித்த கையோடு கனடாவுக்குப் புறப்பட்டாள். ஒரு வருடம் மலைப்பிரதேச விடுதியொன்றில் வேலை, ஓய்வு நாளில் ஊர் சுற்றல். டொராண்டோவில் என் மனைவி ராணியின் சொந்தம் பாதி இருக்கிறதே, அங்கே போனால் என்ன என்று கேட்டோம்.

“அங்க போய் நிண்டா அது ஹொலிடே இல்லையப்பா, பொம்பிளை பாக்கிற படலம்” என்றாள்.

புறப்படுமுன் மருத்துவக் காப்புறுதிப் பத்திரம் காட்டவேண்டும். மூன்று கம்பனிகளின் புத்தகங்களை மேசையில் விரித்தேன். ஒன்றில் பனியில் சறுக்கி விழுந்தால் ஹெலிகொப்டர் வரும், பல்வலிக்கு ஒன்றும் வராது. அடுத்ததில் பல்லுக்கு உண்டு, வேலை செய்யும்போது கை முறிந்தால் இல்லை. மூன்றாவதில் எல்லாம் இருந்தது. ‘உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருதல்’ என்றும் ஒரு வரி இருந்தது. அதை வாசித்த பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். பயத்திலேயே அந்த மூன்றாவதைத் தெரிந்தெடுத்தேன்.

படிவத்துடன் குலம் அண்ணை வந்தார். லண்டனில் எங்கள் மோர்டன் பகுதியில் பாதி வீட்டுக்கும் காருக்கும் காப்புறுதி எடுத்துக் கொடுப்பவர் அவர். அதே தோல் பையில் சாதகக் குறிப்புகளும் இருக்கும். கல்யாணம் பேசுவது அவருக்கு ஒரு தொண்டு.

‘ஏற்கெனவே ஏதாவது நோய்க்கு மருந்து எடுத்ததுண்டா?’ என்று ஒரு கேள்வி. சுபாவுக்குச் சிறுவயதிலிருந்தே தொய்வு, அதாவது ஆஸ்துமா. குளிர்காற்றுப் பட்டால் இழுக்கும். மருந்துப் பம்பு இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள்.

ராணி என்னைக் குசினிக்குள் இழுத்தாள். “அந்த மனுசனுக்கு முன்னால தொய்வு எண்டு வாய் திறந்திடாதேங்கோ. நாளைக்கே லண்டனின்ர மற்றக் கரை, ஃபாரஸ்ட் கேட் வரைக்கும் கதை போயிடும். பிறகு ஆர் வந்து கேப்பினம் பிள்ளையை?”

திரும்பி வந்தேன். “என்ன, பிள்ளைக்கு நோய் வருத்தம் ஏதும் உண்டோ?” என்றார் அண்ணை.

“அவளுக்கோ? குதிரை மாதிரி!” என்று சிரித்துக்கொண்டே ‘இல்லை’ கட்டத்தில் புள்ளடி போட்டேன். புறப்படும்வரை விமான நிலையத்தில் வேலை பார்த்த சுபா, ஷிப்ட்டுக்கு ஓடும் அவசரத்தில், அப்பாவை நம்பி, வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள்.

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்க, ஒரு வியாழக்கிழமை பத்திரம் வந்தது. பொடி எழுத்தில் ஒரு வரி: இருந்த நோயை மறைத்தது தெரியவந்தால் ஒப்பந்தம் முழுவதும் செல்லாது. பனிமலை. தொய்வு. செல்லாத கடதாசி.

நான் செய்த பரிகாரங்களைக் கேளுங்கள். அவளுடைய பெட்டிக்குள் நான்கு பம்பும் ஆறு கம்பளிச் சால்வையும் வைத்தேன். மூக்கால் மட்டும் மூச்சுவிடு என்று புத்தி சொன்னேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், “பிள்ளையாரே, இந்த வருசம் கனடாவுக்குக் குளிர் வராமல் பாரும்” என்று வேண்டினேன். நூற்றெட்டுத் தோப்புக்கரணமும் நேர்ந்தேன். முப்பத்தோராவதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. இரு காதையும் பிடித்தபடி, குந்திய நிலையில், எழும்ப முடியாமல் இருந்தேன்.

அந்தக் கோலத்தில்தான் உண்மையான வேண்டுதல் வந்தது. அப்பனே, குளிரை நீ என்ன செய்தாலும் செய். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு தா.

யாரோ கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தால் குலம் அண்ணை!

“அண்ணை, என்ர பிள்ளைக்குத் தொய்வு. நான் பொய் எழுதிப்போட்டன்” என்றேன். நான்கு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே வந்துவிட்டது.

அவர் என்னைச் சுவரோடு சாய்த்து இருத்தினார். “சொன்னது நல்லம். ஆனா கம்பனி ஓம் எண்டு சொல்லுமோ தெரியாது.”

வீட்டில் சுபாவிடம் சொல்வதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. “என்ர நெஞ்சு அப்பா. என்னைக் கேக்காம ஏன் இல்லை எண்டு போட்டனீங்கள்?” என்றாள். ராணி அழுதாள்.

திங்கட்கிழமை, அண்ணை அறிவித்ததும், கம்பனி பத்திரத்தை ரத்துச் செய்தது. எட்டு நாள் மிச்சம். அன்று நான் பயப்படுவதை நிறுத்தினேன். பயந்து பயந்து செய்ததெல்லாம் பிழையாகிப் போயிற்றே! வேலைக்கு லீவு போட்டு, தொலைபேசிப் புத்தகத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு கம்பனியாக எடுத்தேன். இம்முறை ஆஸ்துமா என்பதுதான் முதல் வார்த்தை. ஐந்து இடத்தில் ஏலாது என்றார்கள். ஒவ்வொரு ‘ஏலாது’க்கும் ஒருமுறை விநாயகனைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த இலக்கத்தைச் சுழற்றினேன். புதன் பின்னேரம் ஆறாவது கம்பனி இறங்கிவந்தது. வியாழன் மாலை ஐந்துக்குள் குடும்ப வைத்தியரின் கடிதம் வரவேண்டும், வந்தால் ஆஸ்துமாவையும் சேர்ப்போம் என்றார்கள்.

எங்கள் வைத்தியரைப் பார்க்க இரண்டு கிழமை காத்திருக்கவேண்டும். அங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மணியிடம் அன்றைக்கே சந்திப்பு வாங்கியவர் எங்கள் தெருவிலேயே இல்லை. வியாழன் காலை, கதவு திறக்குமுன் போய் நின்றேன். நான் வாயெடுக்க முன்னமே அவர் தலையை ஆட்டினார். நான் நகரவில்லை. பொய் எழுதியதையும் சேர்த்து முழுக்கதையையும் சொன்னேன். நடுவில் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசி வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“பத்தரை மணிக்காரர் வரவில்லையாம். உங்கள் மகளைக் கூட்டி வாருங்கள்.”

ஷிப்ட் முடித்து யூனிபோர்முடன் வந்திறங்கிய சுபாவை அப்படியே அழைத்துப் போனேன். வைத்தியர் நெஞ்சைச் சோதித்து, நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கடிதம் எழுதினார். குலம் அண்ணை தன் கந்தோரிலிருந்து அதை ஃபக்ஸ் பண்ணினார். அடுத்த திங்கள் பத்திரம் வந்தது. ‘ஆஸ்துமா உட்பட’ என்று அதில் அச்சாகியிருந்தது. செவ்வாய் அவள் பறந்தாள்.

தை மாதத்தில் ஒருநாள் தொலைபேசி. மருத்துவமனையிலிருந்து சுபா. பனிப்புயலில் மூச்சு முட்டி மயங்கிவிட்டாளாம், அம்புலன்சில் மலையிறக்கி, மூன்று நாள் ஒட்சிசன் கொடுத்திருக்கிறார்கள்.

“இப்ப சுகமப்பா. காப்புறுதிக்காரர் கேட்ட முதல் கேள்வியே, ஆஸ்துமா எண்டு முன்னமே சொன்னனீங்களோ எண்டுதான். ஓம், என்ர அப்பா சொன்னவர் எண்டனான்.”

தொலைபேசியை ராணியிடம் கொடுத்துவிட்டுச் சாமியறைக்குள் போய் அழுதேன்.

பத்தரை மணி நோயாளி வராதது தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் அவர் நலத்துக்கும் ஒரு கற்பூரம் கொளுத்துகிறேன். இப்போது எங்கள் வீட்டில் நோயை ஒளிப்பதில்லை. என் நீரிழிவை, கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் வாய்க்குள் அடக்கி வைத்த ஒரு வருத்தம் இருக்கும். அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. அதோடு, அதைச் சொல்லும் துணிவையும் கேளுங்கள். விநாயகன் தருவான். தந்த பிறகு, தொலைபேசியை நீங்கள்தான் எடுக்கவேண்டும்.