எரித்திரியக் கொடியும் எங்கள் விசாவும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987, 88 வருடங்களில், டென்மார்க்குக்கு அகதியாக வந்த எங்களைப் போன்ற தமிழரின் மனைவி பிள்ளைகளின் விசாவைக் கோப்பன்ஹேகனில் நீதி அமைச்சர் கிடப்பில் போட்டிருந்தார். என் மனைவியும் இரண்டு மகள்மாரும் மன்னாரில் ஷெல்லடிக்குள் இருந்தார்கள். நான் பிரெடெரிசியாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன்.

தேவாலயத்தில் அகதிகளுக்கு உதவும் டெனிஷ் அம்மா ஒருவர், எங்கள் குறையைச் சொல்ல ஒரு பாராளுமன்ற உறுப்பினரைக் கோப்பி குடிக்க அழைத்தார். எங்களில் ஒருவருக்கும் டெனிஷ் சரியாக வராது. என்னோடு வேலைசெய்த கண்ணாடி போட்ட எரித்திரியர் எங்களுக்காகப் பேச ஒத்துக்கொண்டார். என் அரைகுறை டெனிஷும் சைகையும் வேலையில் பழகி அவருக்கு விளங்கும்.

விருந்தென்றால் மேசையில் சின்னக் கொடிகள் வைப்பது இங்கத்தைய வழக்கம். அந்த அம்மா எரித்திரியாவுக்கும் ஒன்று வைத்திருந்தார். அதைக் கொடுத்தவர் நெட்டையான இன்னொரு எரித்திரியர்; அவரும் மேசையில் இருந்தார். கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இது என்ர நாட்டுக் கொடியில்லை. இவன்ர இயக்கத்தின்ர கொடி.”

நெட்டையர் எல்லாருக்கும் விளங்கட்டும் என்று இலகுவான டெனிஷிலேயே சொன்னார். “உங்கட இயக்கத்தை நாங்கள் சூடானுக்கு அடிச்சுக் கலைச்சாச்சு. இன்னும் கொடி கேக்குதோ?”

இரண்டு இயக்கமும் எத்தியோப்பியாவிடம் விடுதலை கேட்டுத்தான் போராடின. இடையில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன.

கண்ணாடிக்காரர் வெளியே போனார். ஒருவரோடும் கதைக்கக் கூசும் நான் ஓடிப்போய் அவருடைய சைக்கிளைப் பிடித்தேன்.

“கொடியை எடுக்கச் சொல்லுறன். வாங்கோ. என்ர பெண்சாதி பிள்ளையளின்ர விசயம்.”

“என்ர தம்பியைச் சுட்டவையோட ஒரு மேசையில இருக்கமாட்டன். உங்கட இயக்கங்கள் இருக்குமோ?”

சைக்கிளை விட்டேன். ஊரில் எங்கள் இயக்கங்களும் ஒன்றையொன்று சுட்டதை நானும் பார்த்தவன்தான். ஆனாலும் ஆத்திரம் வந்தது. இவர்களின் சண்டைக்கு என் பிள்ளைகள் ஏன் காத்திருக்க வேண்டும்?

உள்ளே வந்து உட்கார்ந்தேன். நெட்டையர் சீனிக்கட்டிகளை அடுக்கி, எந்த மலை யாரிடம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பாராளுமன்றக்காரர் ஆர்வமாகக் கேட்டார். நான் எழுந்து, “மனைவி, பிள்ளைகள், விசா இல்லை” என்று தெரிந்த டெனிஷில் சொன்னேன். அவர் ஏதோ திருப்பிக் கேட்டார். விளங்காமல் தலையாட்டினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுந்தார்.

பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை முணுமுணுத்தார். “விசாவுக்கு வந்து, சூடானுக்குப் பாதை படிச்சிட்டுப் போறம், தம்பி.”

மனைவியும் பிள்ளைகளும் பிறகு வந்தார்கள்தான். அதற்குள் மூத்தவள் அங்கேயே பெரியபிள்ளையாகிவிட்டாள். தகப்பன் இல்லாமலே சடங்குத் தண்ணீர் வார்த்தார்கள். இந்தக் கிழமை, எங்கள் விசாவை முடக்கிய விவகாரத்தால் இங்கத்தைய அரசாங்கமே பதவி விலகியிருக்கிறது. எனக்கு அந்தக் கொடிச் சண்டையில் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

17 தை 1993, ஞாயிற்றுக்கிழமை.