லிஃப்டை அளந்தவர்

போன மே மாதம் உஸ்வெட்டகெய்யாவைக் கடற்கரையில் ஒரு அடுக்குமாடி வீடு பார்க்கப் போயிருந்தோம். ஏழாம் மாடி. நானும் அம்மாவும் தங்கை யூஜினாவும் பல்கனியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு வெளியே வந்தால், அவர் லிஃப்டுக்குள் முழந்தாளில் இருந்து அதன் தரையை ஒரு கயிற்றால் அளந்துகொண்டிருந்தார். கதவு மூட வருவதும் அவருடைய தோளில் முட்டித் திரும்பத் திறப்பதுமாக இருந்தது.

அந்தக் கயிறு எனக்குத் தெரிந்ததுதான். பச்சை நைலோன், மூன்று முடிச்சு. முதல் முடிச்சு வரை சவப்பெட்டியின் உயரம், இரண்டாவது வரை அகலம், மூன்றாவது வரை நீளம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யார் இறந்தாலும் பெட்டி வருவதற்கு முதல் அப்பா இந்தக் கயிற்றோடு அந்த வீட்டுக்குப் போவார். அங்கே வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டவை. படிகள் ஏணி மாதிரி. எந்தக் கதவைப் பிணைச்சலோடு கழற்ற வேண்டும், எந்தத் திருப்பத்தில் பெட்டியைச் சரிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அப்பாவின் பெயர் பிறெடி. எழுபத்திரண்டு வயது. அவருடைய தகப்பன் குருநகரிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். அப்பா அதே துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டினார். ஒழுங்கையில் ஒரு மரண உதவிச் சங்கம் இருந்தது. வேதக்காரர், சைவக்காரர், இரண்டு சிங்களக் குடும்பம் எல்லோரும் அதில் உறுப்பினர். செயலாளர் இரும்புக்கடை நமசிவாயம். யாராவது இறந்தால் சங்கம் கூடாரம் போடும், கதிரை தரும், வெள்ளைக்கொடி கட்டும், தூக்குவதற்கு ஆறு பேரை அனுப்பும். இருபது வயதிலிருந்து பெட்டியின் முன் இடது மூலை அப்பாவுடையது. பகலில் கொண்டெய்னர், பின்னேரம் பெட்டி என்று ஒழுங்கையில் அவரைப் பகிடி பண்ணுவார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்து வந்த கிழமையில் அவர் எத்தனை பேரைத் தூக்கினார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுக்கச் சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார் என்று அம்மா மட்டும் ஒரு முறை சொன்னார்.

அந்த வீட்டை விட்டு வரச் சொல்லி ஐந்து வருடமாக நான் மெல்பேர்ணிலிருந்து கரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு மேல்மாடியில், கக்கூசு கீழே. பதினாலு படி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. மழை பெய்தால் சாக்கடைக் கானில் போகிற தண்ணீர் ஒழுங்கைக்குள் வரும். கொட்டாஞ்சேனையில் துப்பாக்கிச் சூடு என்று செய்தியில் கண்டால், வீட்டில் யாராவது எடுக்கும் வரை நான் போனை அடித்துக்கொண்டே இருப்பேன். நுகேகொடையில் வேலை செய்கிற யூஜினாவுக்கு வெள்ளவத்தையில் எடுக்கத்தான் ஆசை. எங்கள் கைக்கு எட்டிய வெள்ளவத்தை வீடுகளில் வெயிலே விழவில்லை. உஸ்வெட்டகெய்யாவையில் புதுக் கட்டடங்கள் மாதத்துக்கு ஒன்றாக எழும்பின. காற்றோட்டம், லிஃப்ட், உள்ளேயே குளியலறை. நான் எதைச் சொன்னாலும் அப்பா "பாப்பம்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

பெப்ரவரியில் அவருக்கு ஸ்கான் எடுத்தார்கள். ஈரலில் புற்றுநோய் வந்து, பரவியும் விட்டது. டொக்டர் என்னோடு போனில் ஆங்கிலத்தில் கதைத்தார். ஆறு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அதை நான் வீட்டுக்குத் தமிழில் வயிற்றில் புண் என்று சொன்னேன். அப்பாவுக்குத் தமிழும் சிங்களமும்தான் தெரியும். படித்த பிள்ளை சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் திரும்பக் கேட்பதில்லை. மருந்துத் துண்டுகளை யூஜினா தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஒரு மாதம் கழித்து உண்மையைச் சொன்னோம். அப்பாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம்.

அதன் பிறகு எனக்கு அவசரம் வந்துவிட்டது. கடைசி மாதங்களிலாவது அந்தப் படியில் ஏறி இறங்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒருகொடவத்தையில் லொறி வைத்திருக்கும் ஒருவர் கொட்டாஞ்சேனை வீட்டைக் களஞ்சியத்துக்குக் கேட்டார். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் வெறும் வீடாகக் கையில் வேண்டும் என்றார். அம்மாவின் சீதன வீடு, கையெழுத்தும் அம்மாவுடையதுதான். என்றாலும் அப்பாவின் வாயிலிருந்து ஒரு 'சரி' வராமல் அம்மா பேனையைத் தொடமாட்டேன் என்றார். அந்த ஒரு சொல்லை வாங்கத்தான் நான் பிளேன் ஏறினேன்.

லிஃப்டுக்குள் அப்பா எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்தார். வீடு காட்ட வந்த பர்ஹா என்ற பெண் ஓடிப்போய்க் கைகொடுத்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"பிள்ளை, இஞ்ச ஆரும் செத்தா எப்பிடி இறக்குவியள்?"

பர்ஹா சிரிக்கப் பார்த்தாள், பிறகு சிரிக்கவில்லை.

"இது புதுக் கட்டடம் அங்கிள். இன்னும் ஒருத்தரும் மௌத்தாகல்ல."

பிரேதத்தை வீட்டில் வைக்க விடுவார்களா என்று கேட்டார். நிர்வாகம் விடாது, நேரே பிரேதம் வைக்கும் மலர்ச்சாலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். படியைக் காட்டச் சொன்னார். படிக்கட்டு முழுக்க மேல்மாடி வேலைக்கான சீமெந்துப் பைகளும் தரை ஓடுகளும் அடுக்கிக் கிடந்தன. ஓம், புதுசுதானே என்றுவிட்டுக் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். நீச்சல் தடாகத்தைக் காட்டியபோது நல்ல தண்ணி என்றார்.

திரும்பி வரும்போது பேலியகொடையில் வாகனங்கள் நின்றுவிட்டன. மீன் சந்தைப் பக்கமிருந்து நாற்றம் வந்தது. அம்மா ஜன்னலை மூடினார். அப்பா முன் இருக்கையிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"டொக்டர் எவ்வளவு நாள் எண்டு சொன்னவர்?"

"என்னத்துக்கு டடா? அல்சர்தானே."

"அம்பது வருசமா நான் செத்தவீட்டுக்குப் போறனான். தகப்பனுக்கு அல்சர் எண்டு ஒருத்தரும் பிளேன் ஏறி வாறேல்ல."

யூஜினா அழத் தொடங்கினாள். வாகனங்கள் நகர்ந்த பிறகு அப்பாவே மிச்சத்தையும் சொன்னார். வீடு நல்ல வீடு, அம்மாவுக்குப் பொருத்தம், அம்மாவை அங்கே கொண்டுபோய் வைக்கத்தான் வேண்டும் என்றார். "அந்த லிஃப்டுக்குள்ள பெட்டி போகாது. நான் கொட்டாஞ்சேனையிலயே போறன். பிறகு நீங்கள் போங்கோ."

எங்களுக்குக் கிடைத்த 'சரி' அதுதான்.

லொறிக்காரரிடம் நான் இரண்டு முறை போனேன். மூன்று மாதம் தள்ளிக் கேட்டேன். வேறு இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்வேன் என்றார். விட்டிருக்கலாம். ஆனால் அவரை விட்டால் அந்த ஒழுங்கைக்குள் வேறு யார் வருவார், அந்தக் காசை நம்பி எடுத்த ஏழாம் மாடி வீடு என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. அதைவிட ஒரு கணக்கும் மனதுக்குள் இருந்தது. பெப்ரவரியிலிருந்து ஆறு மாதம் என்றால் ஆகஸ்ட். யூஜினாவும் அதே கணக்கைப் போட்டிருந்தாள் என்பது அவள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்ததில் தெரிந்தது. அம்மாதான் அதை வாயால் சொன்னார், குசினியில், அடுப்பைப் பார்த்தபடி.

"அந்த மனுசன் உங்கட திகதிக்குச் சாகவேணும், என்ன?"

அடுத்த கிழமை அம்மா கையெழுத்து வைத்தார். நான் மெல்பேர்ணுக்குத் திரும்பினேன்.

ஜூன், ஜூலை. அப்பா மெலிந்தார், மஞ்சளானார், ஆனால் இருந்தார். ஒவ்வொரு நாளும் வீடியோவில் கதைப்பேன். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. ஆகஸ்ட் வந்ததும் வீட்டுச் சாமான்கள் பெட்டிகளுக்குள் போகத் தொடங்கின. அலுமாரியைக் கழற்றினார்கள். அப்பாவின் கட்டிலும் கலண்டரும் மட்டும் மிச்சம். கடைசிக் கிழமை அவர் கஞ்சியை விட்டார். தண்ணீரும் குறைந்தது. மருந்துக் குளிசைகள் தலையணை உறைக்குள் கிடந்ததை யூஜினா கண்டு எனக்குப் படம் பிடித்து அனுப்பினாள். அது ஈரல் வருத்தத்தின் வேலையா, அவருடைய வேலையா என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கிரேனில் இருந்த காலத்தில் அவர் ஒரு நாளும் பிந்திப் போனவர் அல்ல.

ஆகஸ்ட் முப்பதாம் திகதியும் அவருக்கு மூச்சு இருந்தது.

முப்பத்தொன்று காலை சங்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். நமசிவாயமும் வந்தார். அப்பாவைக் கதிரையில் இருத்திப் படியால் இறக்கினார்கள். நான் மெல்பேர்ணிலிருந்து யூஜினாவின் போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பத்துக்கு வந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார்.

"இடது பக்கம் தாழ்த்து. கதவு இடிக்கும்."

"அண்ணே, இண்டைக்காவது வாயை மூடிக்கொண்டு வாங்கோவன்," என்றார் நமசிவாயம்.

"ஒத்திகை பாக்கிறன்," என்றார் அப்பா.

தூக்கிய நால்வரும் சிரித்தார்கள். கதிரை கதவில் முட்டாமல் வெளியே வந்தது. அப்பாவை வான் வண்டியில் ஏற்றிய பிறகு நமசிவாயம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒழுங்கையை விட்டுப் போகிறவர்களின் பெயரைச் சங்கத்தில் வெட்டுவது வழக்கம், அண்ணனுடைய பெயரை வெட்டமாட்டேன் என்று சொன்னாராம். ஆனால் கூடாரத்தை எந்த வாசலில் போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஏழாம் மாடியில் அப்பா பத்தொன்பது நாள் இருந்தார். கடலைக் காட்டிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். பத்தொன்பதாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு, அம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போனார்.

டொக்டர் வந்து பார்த்து மரணத் துண்டு எழுதிக் கொடுத்தார். நிர்வாகத்திலிருந்து வந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார் என்று யூஜினா சொன்னாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம், ஆட்கள் பயப்படுவார்கள், சக்கர நாற்காலி ஒன்று தருகிறேன், அதில் இருத்தி இறக்குங்கள் என்றார். மலர்ச்சாலையிலிருந்து வந்த இருவரும் இரண்டு பேருக்குப் படி சரிவராது என்றார்கள். அப்பாவுக்குச் சட்டை போட்டு, நாற்காலியில் இருத்தி, சரியாமல் இருக்கச் சேலை ஒன்றால் நெஞ்சைச் சுற்றிக் கட்டி, மேலே போர்வை மூடினார்கள். தலையை அம்மா தன் கையால் பிடித்துக்கொண்டார்.

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. நீச்சல் உடுப்போடு ஒரு சின்னப் பிள்ளையும் அதன் தாயும் ஏறினார்கள். அந்தத் தாய் அப்பாவைப் பார்த்து, பிறகு அம்மாவைப் பார்த்து, மெல்லிய குரலில் சிங்களத்தில் கேட்டாளாம், அங்கிள் நித்திரையா என்று. அம்மா ஓம் என்றார். கீழே கதவு திறக்கும் வரை அந்தப் பிள்ளை சத்தம் போடாமல் இருப்பதற்காக அதன் வாயில் தாய் விரலை வைத்திருந்தாள்.

பெட்டியை மலர்ச்சாலையில் வைத்தோம். ஒழுங்கையிலிருந்து அறுவரும் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. மலர்ச்சாலை ஆட்கள் கையுறை போட்டுப் பெட்டியைச் சில்லு வைத்த வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவரும் கைகளைப் பின்னால் கட்டியபடி பின்னே நடந்தார்கள். மாதம்பிட்டி மயானத்து வாசலில்தான் நமசிவாயம் கதைத்துப் பெட்டியை அவர்களிடம் வாங்கிக் கொடுத்தார். அன்று காலையில்தான் நான் வந்து இறங்கியிருந்தேன். மகன் என்று முன் இடது மூலையை எனக்குத் தந்தார்கள்.

மழைக்கு மண் சறுக்கியது. பின்னாலிருந்து நமசிவாயம் "தம்பி, தாழ்த்துங்கோ" என்றார். எவ்வளவு தாழ்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி சரிந்தது. உள்ளே ஏதோ அசைந்த சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஒருவர் வந்து என் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா இப்போது ஏழாம் மாடியில் இருக்கிறார். யூஜினா வேலைக்குப் போனால் தனியே. கொட்டாஞ்சேனை வீட்டின் படியை லொறிக்காரர் இடித்துவிட்டார். போன கிழமை நான் போன் எடுத்தபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. லிஃப்ட் இரண்டு நாளாக வேலை செய்யவில்லையாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு படியால் ஒரு மாடி இறங்கி ஏறினாராம். இந்த முழங்காலோடு ஏன் என்று கேட்டேன்.

"சீமெந்துப் பை எல்லாம் அப்பவே எடுத்திட்டாங்களாம். அவற்ற கயிறு என்னட்டத்தானே இருக்கு, கொண்டுபோய்ப் பாத்தனான்," என்றார். "படி அகலம். திருப்பத்திலயும் இடிக்காது. ஆறு பேர் இருந்திருந்தா அவரை அதால இறக்கியிருக்கலாம்."