ஹார்ட் டிஸ்க்கை நானே மாற்றிய ஆனி மாதம்

ஆனி மாதத்தில் ஒரு முற்பகல், மேசைப் பக்கம் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பல்லி என்று நினைத்துச் சுவரைப் பார்த்தேன். சத்தம் லேப்டாப்புக்குள்ளிருந்து வந்தது. பாதி வரைந்திருந்த புஸ்வாணப் பெட்டி திரையில் அப்படியே உறைந்து நின்றது.

நான் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் வரைகிறவள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஆமத்தூரில் எங்கள் வீட்டிலிருந்தே செய்கிறேன். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அந்த லேப்டாப் இன்னொருவர் வைத்திருந்த பழசு. நாலைந்து சின்னக் கம்பெனிகளின் லேபிள் படங்கள் மொத்தமும் அதற்குள் இருந்தன. ஆடி பிறந்துவிட்டால் தீபாவளி வேலையில் அச்சகங்களில் மெஷின் நிற்காது. அதற்கு முன்னால் படம் அவர்கள் கைக்குப் போயாக வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் திரை மறுபடி அசைந்தது. ஆனால் புஸ்வாணப் பெட்டியின் மூடிக்காக முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்த மயில் திறக்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க் எப்படி இருக்கிறது என்று சோதிக்கும் மென்பொருளை இறக்கி ஓட்டினேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. சாயங்காலம் திரும்ப ஓட்டியபோது, கெட்டுப்போன இடங்கள் காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தன.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி, "ஓடிக்கிட்டுத்தானத்தா இருக்கு. ஓடுறத எதுக்குத் தொறந்து பாக்கணும்? சீசன் முடியட்டும். ஒண்ணும் ஆகாது" என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. அப்பா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவராக இருந்தார். ஒரு கோடையில், உச்சி வெயிலில் மருந்தைத் தொட வேண்டாமே என்று அப்பாவும் கூட வேலை பார்த்தவர்களும் தயங்கியபோது, போர்மேன் சொன்ன வார்த்தையும் இதேதான். வெடித்த அந்த அறையில் இருந்தவர்களில் அப்பா மட்டும் உயிரோடு வெளியே வந்தார். இரண்டு கைகளிலும் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயின. இன்றைக்கும் அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவது நான்தான்.

"நீங்களா இதைச் சொல்றீக?" என்று கேட்டேன்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

மறுநாள் விருதுநகருக்குக் கிளம்பினேன். கூப்பிடாமலே அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர் லேப்டாப்பைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, பார்மட் பண்ணினால் சரியாகிவிடும் என்றார். சோதனை காட்டியதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை நீட்டியதும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். எஸ்எஸ்டி, சுற்றுகிற தட்டே கிடையாது, இடம் எக்கச்சக்கம் என்றார். அந்தக் கம்பெனிப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பெட்டியில் சீலும் இல்லை. வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நாங்க இங்கனயேதான இருக்கோம். நீங்க எடுத்துச் சொல்லுங்க."

அப்பா ஒட்டிய விரல்களை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "கேட்டது அவதான? அவகிட்டயே சொல்லுங்க. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது" என்றார்.

அதற்குப் பிறகு கடைக்காரர் என்னிடம் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. பெயர் தெரிந்த கம்பெனியுடையது வேண்டும், வாரண்டி எழுத்தில் வேண்டும் என்றேன். அது மதுரையிலிருந்துதான் வர வேண்டும், அதே விலைக்குப் பாதி இடம்தான் கிடைக்கும் என்றார். "பெருசு எனக்கு வேண்டாம். நாள்பட நிக்கிறது வேணும்" என்றேன். லேப்டாப்பை விட்டுவிட்டுப் போங்கள், வந்ததும் நாங்களே மாட்டித் தருகிறோம் என்றார். அதற்கும் முடியாது என்றேன். பெட்டிப் படம் ஆடிக்கு முன்னால் வெளியே கசிந்தால், என் மயில் வேறு யாருடைய பெட்டியிலோ தோகை விரித்துவிடும். சிவகாசியில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும்.

புது டிஸ்க் வருவதற்குள் பழையதில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். சாகிற டிஸ்க்கை முழுசாக நகல் எடுக்கப் போனால் நடுவிலேயே நின்றுவிடலாம் என்று தேடிப் படித்திருந்தேன். அதனால் இந்த சீசன் வேலைகளை மட்டும் முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் ஏற்றினேன். டிக் சத்தம் கேட்டதும் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி தொடங்குவேன்.

அதற்கு நடுவில் புஸ்வாணப் பெட்டிக்காரர் போன் செய்தார். என் மெஷின் படுத்துவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆர்டரை அச்சகத்துக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, "பொம்பளப்பிள்ள வீட்ல வச்சுச் செய்ற வேலை, இப்படித்தான இருக்கும்" என்றார்.

"அச்சாபீஸ் கம்ப்யூட்டரும் கெட்டுப்போகும் அண்ணாச்சி. அப்ப ஆம்பள செய்ற வேலை இப்படித்தான்னு சொல்லுவீகளா?" என்றேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

பேசியதை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே, "அந்தப் போர்மேனும் அன்னைக்கு வாசப்படியிலதான் நின்னான். பொய் சொல்லணும்னு சொல்லலத்தா. அவனும் நம்பித்தான் சொன்னான்" என்றார். போர்மேனும் அங்கே செத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் நம்பிச் சொன்னார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"நம்பிச் சொன்னாலும் தப்பு தப்புத்தாம்ப்பா" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. அச்சகத்தில் என்னோடு வேலை பார்த்த பெண்களின் போட்டோக்கள் போயின. நான் தனியாக வந்தபின் வரைந்த முதல் லேபிளும் போனது. அழுகை வரவில்லை. டிஸ்க்கைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

மதுரையிலிருந்து புது டிஸ்க் வந்த அன்று மத்தியானம், தூசி பறக்காமல் கதவைச் சாத்தி மின்விசிறியை நிறுத்திவிட்டு லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டேன். பேட்டரியைக் கழற்றினேன். திருகாணிகள் வரிசையாக வந்தன. பழைய டிஸ்க்கைப் பிடித்திருந்த கடைசி ஆணி மட்டும் அசையவில்லை. அழுத்தித் திருகினால் லேப்டாப்பே மேசையில் வழுக்கியது. அப்பா எழுந்து வந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் என் எடை முழுவதையும் போட்டுத் திருகினேன். கிறீச்சென்று ஆணி இளகியது.

புதியது பிஸ்கட் போல லேசாக இருந்தது. அப்பா அதைப் பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்றார். மாட்டி, மூடி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி முடித்தபோது வெளியே வெயில் தணிந்திருந்தது. முன்பெல்லாம் லேப்டாப்பைப் போட்டுவிட்டு டீ வைத்துக் குடித்துவிட்டு வருவேன். இப்போது உட்கார்ந்து நாற்காலியை இழுப்பதற்குள் திறந்துகொண்டது. தொலைந்த மயிலை முதலிலிருந்து வரைந்தேன். பழையதைவிடக் கழுத்து நிமிர்ந்த மயில். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு அச்சுக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய ராக்கெட் பெட்டியும் சக்கரப் பெட்டியும்கூட என்னிடமே வந்தன.

பழைய டிஸ்க்கை, தெருவில் பழைய இரும்பு வாங்க வருகிறவர் கேட்டார். கொடுக்கவில்லை. அதன் மூடியைப் பிரித்து, கண்ணாடி போல மின்னிய தட்டை ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சுத்தியலால் அடித்த பிறகுதான் குப்பையில் போட்டேன்.

இப்போது வேலைகளை இரண்டு நகல் எடுக்கிறேன். ஒன்று வீட்டில் இருக்கும். இன்னொன்று காரியாபட்டியில் சித்தி வீட்டு பீரோவில் இருக்கிறது. ஒரு படத்துக்காக பஸ் ஏறிப் போவாளா என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஒரே அறையில் எல்லாவற்றையும் குவித்து வைத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிரிக்கட்டும். போன வாரம்கூடப் போய் வந்தேன்.