ஆயுத பூஜையன்று விட்டுப்போன ஓர் எழுத்து

எழில்மொழிக்குப் பயமெல்லாம் கருப்புத் திரையிடம்தான்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. நர்ஸ்கள் ஒரு குழு, மருந்தகம் ஒரு குழு, டாக்டர்கள் ஒரு குழு. எந்தக் குழுவில் பெயர் இருக்கிறதோ அதற்குரிய கோப்புதான் திறக்கும். பெயரைச் சேர்ப்பது, நீக்குவது, மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது எல்லாம் கருப்புத் திரையில் கட்டளை தட்டித்தான். அந்தத் திரை 'நிச்சயம்தானா' என்று ஒருதரம்கூடக் கேட்காது. கரணம் தப்பினால் மரணம். வேலை நிரந்தரமாக இன்னும் பதினொரு நாள் இருந்தது. நடவும் களையுமாக இருந்த குடும்பத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்.

ஆயுத பூஜையன்று மத்தியானம், சந்தனம் வைத்த கீபோர்டில், புதிதாகத் தொடங்கிய ஒரு குழுவில் தன் பெயரையும் சேர்த்தாள். 'பழைய குழுக்கள் இருக்கட்டும்' என்று சொல்கிற ஓர் எழுத்து உண்டு. அதைத் தட்ட மறந்துவிட்டாள். வெளியேறி மறுபடி உள்ளே வந்தபோது நிர்வாகக் குழுவில் அவள் பெயர் இல்லை. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். அந்தக் குழுவில் இல்லாமல் இனி யாரையும், தன்னையும்கூட, எதிலும் சேர்க்க முடியாது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அன்று காலைதான் பணியில் சேர்ந்த டாக்டர் பூர்ணிமா.

"எழில், பாம்புக்கடி கேஸ். வைரக்கண்ணுன்னு பேரு. போன வருசமும் இங்கதான் பார்த்திருக்காங்க. விஷமுறிவு மருந்து ஏத்தினதும் மூச்சு நின்னுபோச்சாம், என்ன குடுத்து மீட்டாங்கன்னு அவர் சம்சாரத்துக்குத் தெரியலை. பழைய ஃபைலைப் பார்க்கணும், என்னை டாக்டர்ஸ் குரூப்ல சேர்த்துவிடுங்க. மத்த டாக்டருங்க ஆபரேஷன் தியேட்டருக்குள்ள இருக்காங்க. ரொம்ப நேரம் தாங்காது."

"இதோ டாக்டர்" என்றாள். எதை வைத்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். முதன்மைப் பாஸ்வேர்டை எழுதி உள்ளே வைத்து ஒட்டிய உறை மேலாளர் இராஜாங்கத்திடம் இருந்தது. அவரோ அதைக் கணக்குப் புத்தகங்களோடு சேர்த்துச் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கிவிட்டார். மறுநாள் மறுபூஜை ஆகும்வரை அதில் யாரும் கைவைக்கக் கூடாது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும். கேட்காவிட்டால் மாடியில் ஓர் உயிர் போகும். இதை யோசிக்க அவள் எடுத்துக்கொண்ட அரை நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

"அந்தக் கவர் வேணும் சார். இப்பவே."

"பூஜையில வச்சதும்மா. என்ன ஆச்சு?"

"சர்வர் மக்கர் பண்ணுது சார்."

இராஜாங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, குங்குமம் ஒட்டிய உறையை உருவிக் கொடுத்தார்.

 ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்துத் தட்டினாள். முதலில் பூர்ணிமாவைச் சேர்த்தாள், பிறகுதான் தன்னை. மாடியில் கோப்பு திறந்தது. போன வருடம் கொடுத்த ஊசியும் அளவும் அதில் இருந்தன. அதைத் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூர்ணிமா விஷமுறிவு மருந்தை ஏற்றினாள்.

பொழுது சாயும்போது வைரக்கண்ணு கண் திறந்தார். அவர் மனைவி தங்கம்மாள் படியிறங்கி வந்து எழில்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இராஜாங்கமும் பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

"மெஷினு கெட்டுப்போச்சாமே, நீதான் ஓடியாந்து சரி பண்ணுனியாம். இந்த ஐயாதான் சொன்னாரு. நல்லா இருப்ப தாயி."

அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தன்னைப் பிடித்திருந்த அந்தக் கை இன்னும் சில்லிட்டிருந்தது.

"மெஷின் கெடலைங்க" என்றாள். "நாந்தான் கெடுத்தேன்."

இராஜாங்கத்தின் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. தங்கம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கையை விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். எழில்மொழி அதை இன்னொரு தரம், புரியும்படி சொல்ல வேண்டியிருந்தது.